யாருடைய எண்சாண்

வீட்டின் உள்வேலைக்காக என்னைத் தேடி வருகிறவர்கள் இப்போதெல்லாம் நிறையப் பார்த்துவிட்டு, படித்துவிட்டு வருகிறார்கள். சோபா சுவரின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும், தரைவிரிப்பு சோபாவைவிட அகலமாக இருக்க வேண்டும், சுவரில் மாட்டும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வர வேண்டும் என்று கைபேசியைப் பார்த்துச் சொல்வார்கள். கடைசியில் பொன் விகிதம் வந்துவிடும். "மேடம், ஹாலை கோல்டன் ரேஷியோவுல பண்ணிடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். அவர் மனைவி கொஞ்சம் பின்னால் நின்று, தன் கேள்விக்கு முறை வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கேள்வி அநேகமாகப் பரணைப் பற்றியதாகவோ சிங்க்கைப் பற்றியதாகவோ இருக்கும்.

பொன் விகிதத்தை நான் கேலி செய்வதில்லை. அது அழகான கணக்கு. ஒரு கோட்டை இரண்டு துண்டாக வெட்டுகிறோம். முழுக் கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் என்ன உறவோ, அதே உறவு பெரிய துண்டுக்கும் சின்னத் துண்டுக்கும் இருந்தால் அது பொன் வெட்டு. எண்ணாகச் சொன்னால் 1.618 சொச்சம். கிறிஸ்துவுக்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்னால் யூக்ளிட் இதை வரையறுத்தபோது அழகைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவருக்கு அது வடிவியல், அவ்வளவுதான். 1509இல் லூக்கா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி இதைத் தெய்வீக விகிதம் என்று அழைத்துப் புத்தகம் போட்டார். அதற்குப் படம் வரைந்தவர் லியனார்டோ டா வின்சி. 'பொன்' என்ற அடைமொழி ஏறியது அதற்கும் பிறகு, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில். 1876இல் ஃபெக்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் பத்துச் செவ்வகங்களை மக்கள் முன் பரப்பி எது பிடிக்கிறது என்று கேட்டார். பொன் விகிதச் செவ்வகத்தைத்தான் அதிகம் பேர் தொட்டார்கள். பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் அவ்வளவு தெளிவான விடை கிடைக்கவில்லை. பார்த்தனான் கோயில் முதல் மோனலிசா வரை எல்லாவற்றிலும் இந்த எண் ஒளிந்திருக்கிறது என்பது பிற்காலத்தார் கோடு போட்டுக் கண்டுபிடித்தது.

நம்மூரில் 10 அடிக்கு 16 அடி ஹால் சகஜம். 16ஐ 10ஆல் வகுத்தால் 1.6, பொன் விகிதத்துக்குப் பக்கத்து வீடு. அதைக் கட்டிய கொத்தனார் யூக்ளிட்டைப் படித்தவரில்லை. மனையடி சாஸ்திரப் புத்தகத்தில் 10, 16 இரண்டும் நல்ல அளவாகப் போட்டிருக்கிறது. புத்தக அலமாரியில் எந்தத் தட்டை எங்கே நிறுத்துவது, நீளமான சுவரில் டிவி அலமாரியை எங்கே முடிப்பது என்று கண் தடுமாறும்போது நானும் 1.618ஐப் போட்டுப் பார்ப்பேன். பல நேரம் உதவும்.

ஆனால் அது உதவுவது கண்ணுக்கு. விகிதம் என்பது ஒரு பொருளின் பகுதிகள் தங்களுக்குள் எப்படி ஒத்துப்போகின்றன என்பது. ஸ்கேல் என்று நாங்கள் படித்தது வேறு: அந்தப் பொருள் அதைப் பயன்படுத்துகிற உடம்போடு எப்படி ஒத்துப்போகிறது என்பது. வகுப்பில் இதை விளக்க ஆசிரியர்களுக்கு அரைமணி நேரம் ஆனது. நம் பாட்டிமார் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்: எண்சாண் உடம்பு. அவரவர் சாணால் அளந்தால் எல்லோரும் எண்சாண்தான், அது விகிதம். என் கணவரின் சாணை வைத்து என்னை அளந்தால் நான் எண்சாண் வரமாட்டேன், அது ஸ்கேல். கொலுவில் வைக்கும் மரப்பாச்சிக் கட்டில் விகிதத்தில் குறையே இல்லாதது. அதில் படுக்க முடியாது.

ஒரு வீட்டில் விகிதம் சரியாக இருந்து ஸ்கேல் தவறினால் புகைப்படத்தில் தெரியாது. அங்கே வேலை செய்கிறவளின் தோளில் தெரியும்.

இந்த இரண்டையும் இணைத்துவிட வேண்டும் என்று கிளம்பியவர் லெ கொர்புசியே. நவீனக் கட்டடக் கலையின் பெரிய பெயர். நமக்குச் சண்டிகர் வழியாகத் தெரிந்தவர். 1940களில் அவர் மோடுலர் என்றொரு அளவுமுறையை உருவாக்கி 1950இல் நூலாக வெளியிட்டார். ஒரு மனித உடம்பை எடுத்துக்கொண்டு, அதைப் பொன் விகிதத்தில் வெட்டிக்கொண்டே போனால் நாற்காலி, மேசை, மேடை, கூரை எல்லாவற்றுக்கும் அளவு கிடைத்துவிடும் என்பது அவர் எண்ணம். முதலில் எடுத்துக்கொண்ட உயரம் 175 செ.மீ. அது கணக்குக்கு வசப்படவில்லை. உடனிருந்த ஒருவர், ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் அழகான ஆண்கள், உதாரணமாகப் போலீஸ்காரர்கள், எப்போதும் ஆறடி இருப்பார்களே என்று சொன்னாராம். அதிலிருந்து 183 செ.மீ. நிலைத்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதை எழுதி வைத்தவர் கொர்புசியேதான். அந்த ஆறடி ஆள் கையைத் தூக்கினால் 226 செ.மீ. தொப்புள் 113. பிறகு 86, 70, 43, 27 என்று இறங்கிப் போகிறது. மார்செயில் அவர் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கூரை உயரம் அந்த 226தான். அந்தக் கட்டடத்தின் கான்கிரீட்டிலேயே கை தூக்கிய ஆளின் உருவத்தைப் பதித்தும் வைத்திருக்கிறார்.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். முதலாண்டில் இந்தப் படம் திரையில் விழுந்தது. அகன்ற தோள், சின்னத் தலை, பெரிய கை. அதற்குக் கீழே 'ஹ்யூமன் ஸ்கேல்' என்று எழுதியிருந்தது. எல்லோரும் நோட்டில் வரைந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் அந்த ஆளின் இடுப்பு உயரத்துக்கு இன்னொரு சின்ன உருவம் வரைந்து, அதற்கு ஜடை போட்டு, தன் பெயரை எழுதினாள். கீழே, 'எனக்கு எது எட்டும்?' அந்த நோட்டைப் பத்திரப்படுத்தாமல் போனோமே என்று இப்போது இருவருக்கும் வருத்தம்.

அந்நியர் செய்த அநியாயம் என்று இதை முடித்துவிட முடியாது. நம் சிற்ப நூல்களில் மாத்திராங்குலம் என்றோர் அளவு உண்டு. கட்டுவிக்கும் தலைவனின் நடுவிரலின் நடுக்கணுவை அளந்து அதை அலகாகக் கொள்வது. வீட்டுக்கும் அதில் வாழ்பவருக்கும் உடல்வழி உறவு இருக்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அது கொர்புசியேவின் போலீஸ்காரரைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்த நடுவிரல் தலைவனுடையது, தலைவியுடையது அல்ல. படிமக் கலையிலும் சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தச தாலம், 124 பங்கு. உமைக்கும் திருமகளுக்கும் மத்திம தச தாலம், 120 பங்கு. அந்த நான்கு பங்கு எங்கே போனது என்று ஒரு ஸ்தபதியிடம் கேட்டேன். "அம்பாள்னா கொஞ்சம் அடக்கமாத்தானேம்மா இருக்கணும்" என்றார், மிகுந்த அன்போடு.

(படம் மாட்டும் 57 அங்குலமும் இப்படித்தான். சராசரிக் கண்மட்டம் என்று சொல்லப்படுகிற அது ஏறக்குறைய 145 செ.மீ.; என் அம்மாவுக்குக் கொஞ்சம் மேலே போய்விடும். ஆனால் நம் வீடுகளில் யாரும் 57இல் மாட்டுவதில்லை. தாத்தாக்களை வாசற்படிக்கு மேல், லிண்டலுக்கும் மேல், முன்பக்கம் சாய்த்து மாட்டுகிறோம். செத்த பிறகும் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று.)

அம்மாவின் உயரம் 152 செ.மீ. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளின்படி இந்தியப் பெண்களின் சராசரியும் ஏறக்குறைய அதுதான். ஆக அவர் குள்ளம் இல்லை, நடுவாந்திரம். எங்கள் வீடு 1988இல் கட்டியது. சமையல் மேடை 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. ஏன் 36 என்று அப்பாவிடம் பல வருடம் கழித்துக் கேட்டேன். கொத்தனார் தன் இடுப்பில் கை வைத்து "இவ்ளோ போதுங்களா?" என்று கேட்டாராம், அப்பா தன் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாராம். அம்மா அன்று பால் காய்ச்சுவதற்குப் பாத்திரம் வாங்கப் போயிருந்தார்.

அந்த 91ஓடு முடியவில்லை. ஐரோப்பிய அடுப்பு மேடையோடு மட்டமாகப் பதிந்திருக்கும். நம் கேஸ் அடுப்பு மேடைக்கு மேல் உட்காரும்; அது ஒரு 11 செ.மீ. அதன் மேல் 20 செ.மீ. உயரக் குழம்புப் பாத்திரம். கூட்டினால் பாத்திரத்தின் விளிம்பு 122. அம்மாவின் தோள் 124. முப்பது வருடம் அம்மா தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கிக் குழம்பைக் கிளறினார். கிளறும்போது மட்டும் சாப்பாட்டு மணையைக் காலுக்கடியில் போட்டுக்கொள்வார். ஏறுவார், கிளறுவார், இறங்கித் தாளிக்கும் கரண்டி எடுப்பார், மறுபடி ஏறுவார். மேடையைக் கொஞ்சம் இடித்துக் குறைக்கலாமே என்று அத்தை ஒருமுறை சொன்னபோது அப்பா சொன்னது: "அதுதான் மணை இருக்கே." அம்மாவின் வலது தோள் இப்போது காதுக்கு மேல் தூக்க வராது. அதற்கு மேடைதான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை. 122, 124 என்ற இரண்டு எண்களை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நாள் வேலை இல்லாத மதியத்தில் மோடுலரை அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். 183க்குப் பதில் 152. 1.618ஆல் வகுத்தால் 94. அதன் இரட்டை 188. இறங்கினால் 116, 72, 44. இன்னொரு வரிசையில் 58, 36. நாற்காலிக்கு 43 அல்ல, 36. அம்மாவை அந்த உயரத்தில் உட்கார வைத்தேன். பாதம் முழுதாகத் தரையில் பதிந்தது. கடைச் சோபாக்களில் நுனியில் உட்கார்ந்து கால் கட்டைவிரலை ஊன்றிக்கொள்வது அவர் வழக்கம். விருந்தாளி மாதிரி அடக்கமாக உட்கார்கிறார் என்று நினைப்போம். கைக்கு எட்டும் உயரம் 188 என்று வந்தது. சுவரில் கையை உயர்த்தச் சொல்லிக் குறித்தபோது (அப்போது இடது கை) கிட்டத்தட்ட அதேதான். நம் பரண்கள் ஏழடியில், 213 செ.மீ. உயரத்தில் தொடங்குகின்றன. ஆக, பரணில் ஏற்றிய பெரிய அண்டாவை இறக்க வீட்டு ஆண் வரும்வரை காத்திருக்க வேண்டும். அது அண்டாவின் குணம் இல்லை.

மேடையிடம் வந்தபோது கணக்கு தவறியது. மோடுலரில் 86 இருந்த இடத்தில் அம்மாவுக்கு 72 வருகிறது. 72இல் நின்று காய் நறுக்கினால் அரைமணியில் முதுகு வளைந்துவிடும். அடுப்பு வைக்கிற இடத்துக்கு மட்டும் 72 பொருந்துகிறது, அதுவும் நம் கேஸ் அடுப்பு மேலே உட்காருகிற வகை என்பதால். கொர்புசியேவுக்கு நம் அடுப்பைப் பற்றி என்ன தெரியும்? போலீஸ்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மாவை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடாது. பொன் விகிதம் உடம்பைக் கோடாகப் பார்க்கிறது. அந்த உடம்பு என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் செய்கிறது என்று அதற்குத் தெரியாது. நறுக்குவதற்கு ஓர் உயரம், சப்பாத்தி தேய்க்க அதைவிடத் தாழ்வு, ஏனென்றால் அதில் தோளின் எடையை இறக்க வேண்டும். கிளற இன்னும் தாழ்வு. கழுவ மட்டும் உயரம், ஏனென்றால் சிங்க்கின் அடிப்பகுதி விளிம்புக்கு 20 செ.மீ. கீழே இருக்கிறது, கை அங்கேதான் வேலை செய்கிறது. இதற்கெல்லாம் முழங்கைதான் கணக்கு. நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, அதற்கு ஒரு கையகலம் கீழே நறுக்கும் மேடை. இதை யாரும் பொன் என்று சொல்லப்போவதில்லை.

எவ்வளவு நேரம் என்று சொன்னேன் அல்லவா. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97. ஐந்து மணிநேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. இப்போது தேசியக் கட்டட விதித்தொகுப்பைத் திறந்து பாருங்கள். மனிதர் வசிக்கும் அறை என்றால் குறைந்தது 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டர். சாப்பாட்டு அறை தனியாக இருந்தால் சமையலறைக்கு 5 சதுர மீட்டர், 1.8 மீட்டர் அகலம் போதும். வசிக்கும் அறை என்பதற்கான விளக்கத்தில் படிக்க, உட்கார, தூங்க, சாப்பிட என்று சொல்லிக்கொண்டே வந்து, சமையலறையைச் சேர்க்கும்போது ஒரு நிபந்தனை வைக்கிறது: அது வசிக்கும் அறையாகவும் பயன்பட்டால். பட்டம் வாங்கிப் பல வருடம் கழித்துத்தான் அந்த நிபந்தனை எனக்கு உறைத்தது. ஒரு பெண் நாளில் ஐந்து மணிநேரம் நிற்கிற இடத்தில் அவள் 'வசிப்பதாக' ஆகாது. வரைபடத்தில் ஹாலுக்கு 10க்கு 16 கொடுத்து, படுக்கையறைகளுக்குக் கொடுத்து, மிஞ்சியதைச் சமையலறை என்று எழுதுவதற்கு இது பொருந்தித்தான் வருகிறது.

முன்பு உட்கார்ந்துதானே சமைத்தார்கள், அம்மியும் அரிவாள்மணையும் தரையில்தானே இருந்தன, அது உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்களை ஒரு வாரம் ஆட்டுக்கல்லில் மாவாட்டச் சொல்வேன்.

சமையலறையை அளந்து பார்க்க வேண்டிய இடமாக எடுத்துக்கொண்ட பெண்களில் நான் அடிக்கடி நினைப்பது மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கியை. வியன்னாக்காரர், 1897இல் பிறந்தவர். 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையை மாதிரியாகக் கொண்டார். எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை திரும்புகிறாள் என்று நேரம் பார்த்துக் கணக்கெடுத்தார். நறுக்கும் மேசையை ஜன்னலடியில் போட்டு, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழல் முக்காலியும் வைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று லட்சங்கள் கொடுத்து வாங்குவதற்கு அதுதான் பாட்டி. பின்னாளில் நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சமையலறைக்காரம்மா என்று மட்டும் அவரை நினைவில் வைப்பது நியாயமில்லை.

அந்தச் சமையலறைக்கு எதிராக 1970களில் பெண்ணியவாதிகள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே ஆளுக்கு அளவெடுத்த அறை அது. இரண்டாவது ஆள் உள்ளே நுழைந்தால் இடிக்கும். கணவனும் குழந்தையும் வெளியே, அவள் மட்டும் உள்ளே, நல்ல வசதியோடு. வசதி செய்து கொடுத்தே ஒருத்தியைப் பூட்டி வைக்கலாம் அல்லவா? இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மாவின் தோளைப் பார்த்தவளுக்கு வசதி வேண்டாம் என்ற பேச்சே பிடிக்கவில்லை. முதலில் சரியான உயரத்தில் ஒரு மேடை, மற்றதெல்லாம் பிறகு என்பதுதான் என் நிலை. மார்செய் குடியிருப்பில் சமையலறையை வடிவமைத்த சார்லோட் பெரியான் வேறு வழி எடுத்திருந்தார்: சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரை எடுத்துவிட்டுத் தாழ்வான தடுப்பு. உள்ளே நிற்கிறவளுக்குப் பேச்சுத் துணை. 1927இல் அவர் வேலை கேட்டுப் போனபோது, இங்கே மெத்தை உறையில் பூ வேலை செய்வதில்லை என்கிற தோரணையில் கொர்புசியே திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். பிறகு தானே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

என் வேலையில் எல்லா வீட்டிலும் முதல் நாள் நான் செய்வது அளவெடுப்பது. சுவரை அல்ல, ஆட்களை. நிற்கச் சொல்லி, செருப்பில்லாமல், கையை மடக்கச் சொல்லி டேப்பைப் பிடிப்பேன். பெண்களுக்கு முதலில் கூச்சம் வரும். "பிளவுஸ் தைக்கத்தானுங்க இதுவரைக்கும் அளவெடுத்திருக்காங்க" என்று ஒருவர் சொன்னார். வேலைக்கு ஆள் வருகிற வீடானால் அந்த அக்கா வருகிற நேரத்துக்கும் ஒருமுறை போவேன். அவர் பாத்திரம் கழுவும் தொட்டி பெரும்பாலும் பின்கட்டில், மிஞ்சிய மூலையில், மிஞ்சிய உயரத்தில் இருக்கும். அவரை நிற்கச் சொல்லி அளக்கும்போது வீட்டுக்கார அம்மாவின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அளவுகளுக்குள்ளும் இப்படித் தலைவிகள் உண்டு.

ஈரோடு பக்கம் ஒரு வீடு. மனைவி பள்ளி ஆசிரியை, 147 செ.மீ. கணவருக்குச் சொந்தத் தொழில், 173. மாமியார், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகள். வேலைக்கு ஆள் வைக்காத குடும்பம். கணவர் ஒரு படத்தைக் காட்டினார்: 90 செ.மீ. மேடை, பளபளப்பான கதவுகள், எல்லாக் கதவும் பொன் விகிதம். நான் அவர் மனைவியின் முழங்கையை அளந்தேன். 93. காய் நறுக்க 82, அடுப்புக்கு 72 என்று எழுதிக் கொடுத்தேன். கணவருக்கு மனமில்லை. "நாளைக்கு வித்தா ஸ்டாண்டர்டு அளவு இருக்கோணுமுங்களே." ஆசாரியும் அவர் கட்சி. "முப்பத்தி நாலு இஞ்சுக்கு கொறச்சு நான் செஞ்சதே இல்லீங்க மேடம்." இதுவரை பார்க்காத ஒருவர் வந்து வாங்கப்போகிற நாளுக்காக, இன்றைக்கு நிற்கிறவள் மணை போட்டு நிற்க வேண்டும் என்பது நம் வீடுகளில் ஒரு கொள்கை. வாதாடி 82ஐயும் 72ஐயும் வாங்கினேன்.

மகள்தான் கேட்டாள். வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தோம். "அக்கா, எல்லாத்தையும் அம்மா அளவுக்கே செஞ்சுட்டா, அப்புறம் அம்மாவைத் தவிர யாரும் சமைக்க முடியாதே. எங்கப்பாவுக்கு நல்ல சாக்கு ஆயிரும். எனக்கும்தான்." அவள் 165 செ.மீ. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைப் பற்றிப் படித்தபோது வராத பதில் எனக்கு அப்போதும் வரவில்லை. மணை போட்டுக் கிளறிய அம்மா ஒரு பக்கம். அளவெடுத்துச் செய்த மேடையின் முன்னால் ஆயுள் முழுக்க நிற்கப்போகிற இந்தப் பெண் ஒரு பக்கம்.

அன்று இரவு ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்து நீண்ட நேரம் பேசினேன். மறுநாள் போய்க் கணவரைச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றார், ராணுவத்துக்கு ஆள் எடுப்பது போல. முழங்கை 109. சமையலறையின் ஒரு பக்கம் 82, 72 அப்படியே இருக்கட்டும். எதிர்ப்பக்கம் சிங்க்கின் விளிம்பு 98 என்று எழுதினேன். 98 என்பது ஆசிரியையின் முழங்கைக்கு மேல். அந்தத் தொட்டியில் அவர் பாத்திரம் கழுவ வேண்டுமானால் கையைத் தூக்கிக்கொண்டுதான் கழுவ வேண்டும். அவருக்கு அது தெரியும். முந்தின இரவு, "ஒரு இஞ்சுகூடக் குறைக்க வேண்டாங்க" என்று சொன்னவரே அவர்தான்.

முதலில் கண்டுபிடித்தவர் மாமியார். வாழ்நாள் முழுக்க உயரங்களோடு போராடியவர் அல்லவா, கண் பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டுவிட்டது. "ஏங்கண்ணு, அத்தன ஒசரத்துல வெச்சா இவ எப்படிக் கழுவுவா?" என்றார். ஆசிரியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள், "அப்பாவுக்குச் சரியா இருக்கும் ஆத்தா" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கணவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு கிரானைட் எந்த நிறம் என்று கேட்டார்.

இரண்டு உயரம் என்பதால் கிரானைட்டில் வெட்டு அதிகம், செலவு கூடியது. ஆசாரி கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டே வேலை செய்தார்.

புது வீடு புகுந்து இரண்டு மாதம் கழித்து, ஓர் அலமாரிக் கதவின் கீல் சரியில்லை என்று அழைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனேன். கீலைச் சரிசெய்து முடித்தபோது ஆசிரியை காப்பி போட்டு எடுத்து வந்தார். சிங்க் நிறையப் பாத்திரம். மதியச் சாப்பாட்டுத் தட்டுகள், பால் பாத்திரம், குக்கர், எல்லாம் விளிம்பைத் தாண்டிக் குவிந்திருந்தன. என் கண் அங்கே போனதைக் கவனித்துவிட்டார்.

"அவரு இன்னும் வரலைங்க" என்றார். பிறகு 36 செ.மீ. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் காப்பியைக் குடிக்க ஆரம்பித்தார். கூடத்தில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வரும்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிச் சிங்க்கைப் பார்த்தார்.